வயிற்றுக் கொழுப்பா, தொடைக் கொழுப்பா?

பாம்பன் கரையில் கிழிந்த வலையைச் சரிசெய்துகொண்டிருந்த சித்தப்பாவுக்குக் கை கால் ஒல்லி. வயிறு மட்டும் கைலிக் கட்டுக்கு மேல் தள்ளி நிற்கிறது. பக்கத்தில் கருவாடு புரட்டும் சித்திக்கு இடுப்பும் தொடையும்தான் கனம். "எனக்குத்தானே உடம்பு அதிகம், தம்பி?" என்கிறார். இல்லை சித்தி, என் கவலையெல்லாம் சித்தப்பாவைப் பற்றித்தான்.

தொடையில் கொழுப்பு சேரும்போது, அங்குள்ள முன்னோடி செல்கள் முதிர்ந்து புதுக் கொழுப்புச் செல்களாகின்றன. மீன் வரத்து கூடினால் கூடுதலாகக் கூடை எடுத்து வைப்பது மாதிரி. குடலைச் சுற்றிய கொழுப்பில் புதுச் செல் அவ்வளவு எளிதில் உருவாவதில்லை. இருக்கிற செல்லே ஊதிப் பெருக்கிறது. அளவுக்கு மீறி ஊதினால் அழற்சி கிளம்பும், இன்சுலின் சரியாக வேலை செய்யாது. போதாததற்கு, அங்கிருந்து வெளியேறும் கொழுப்பு அமிலம் நேரே கல்லீரலுக்குப் போகிறது. தொடைக் கொழுப்பு சீக்கிரம் கரையாது என்று பலருக்கு வருத்தம். ஆனால் அப்படிப் பிடித்து வைத்திருப்பதுதான் அது செய்யும் உதவி.

ஆய்வுக்கூடத் தட்டில் வளர்த்தாலும் இரண்டு வகைச் செல்லும் பிறந்த இடத்துக் குணத்தை விடுவதில்லை!

சரி, சித்திக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறையும். கொழுப்பு வயிற்றுப் பக்கம் திரும்பும். தெற்காசியருக்கு வயிற்றுச் சுற்றளவு வரம்பு ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80. வலைக் கயிற்றைச் சுற்றி சித்தப்பாவை அளந்தேன். 98.