கை வீங்கினால் டி-டைமரா, டாப்ளரா? மாத்திரையில் வார்ஃபரினா, புதுசா?

ஒரு கை மட்டும் திடீரென்று வீங்கி, கனத்து, லேசாக நீலம் பாரித்து, தோள்பட்டைப் பக்கம் இதுவரை கண்ணில் படாத நரம்புகள் புடைத்துத் தெரிந்தால், ஆழ்சிரையில் (உள்ளே ஆழத்தில் ஓடி இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்) ரத்தக்கட்டி இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். கூடவே மூச்சு வாங்கினால் அலசலெல்லாம் அப்புறம், நேராக அவசர சிகிச்சைக்குப் போங்கள். டிரிப்ஸ் ஏற்றிய இடத்தில் கயிறு மாதிரி தடித்து வலிப்பது வேறு, அது மேலோட்டமான சிரை, பெரும்பாலும் ஒத்தடத்திலேயே அடங்கிவிடும்.

டி-டைமர் என்பது ரத்தப் பரிசோதனை. சந்தேகம் குறைவாக இருப்பவருக்கு "கட்டி இல்லை" என்று சொல்ல உதவும், அவ்வளவுதான். புற்றுநோய், ஆபரேஷன், கர்ப்பம், கிருமித்தொற்று என்று எதற்கும் அது ஏறும். ஆனால் கையில் கட்டி அதிகம் வருவதே புற்றுநோயாளிகளுக்கும், சென்ட்ரல் லைனோ (மருந்து ஏற்றப் பெரிய சிரைக்குள் விட்டுவைக்கும் குழாய்) பேஸ்மேக்கரோ வைத்தவர்களுக்கும்தானே!

என் ஓட்டு டாப்ளருக்கு, அதாவது ரத்த ஓட்டத்தைக் காட்டும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனுக்கு. ஸ்கேன் கருவியால் அழுத்தினால் நல்ல சிரை சப்பையாகிவிடும், கட்டி இருந்தால் ஆகாது. காறை எலும்புக்குப் பின்னால் மட்டும் அழுத்த முடியாது, அங்கே ரத்தம் ஓடும் விதத்தை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். அதனால் ரிப்போர்ட் நார்மல் என்று வந்தும் வீக்கம் வடியாவிட்டால் சிடி வெனோகிராம் (சிரைகளைக் காட்டும் சிடி ஸ்கேன்) தேவையா என்று கேளுங்கள்.

சரி, மருந்து, அதாவது ரத்தம் உறையாமல் தடுப்பது. எதுவானாலும் குறைந்தது 3 மாதம். வார்ஃபரின் என்றால் முதல் சில நாள் ஹெப்பாரின் ஊசியும் சேர்த்து, ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் அளவு) 2 முதல் 3-க்குள் நிற்கிறதா என்று திரும்பத் திரும்பப் பார்த்து, கீரையைக் கூட ஒரே அளவில் சாப்பிட்டு ஓட்ட வேண்டும். புதுசான ரிவராக்சபான் மாத்திரையில் இந்தத் தொல்லை இல்லை: 21 நாள் 15 மி.கி. இரண்டு வேளை, பிறகு தினம் 20 மி.கி., சாப்பாட்டோடு. பெரும்பாலானவர்களுக்கு இதுவே வசதி என்பேன், ஆனால் வேளை தவறினால் ஒரே நாளில் பாதுகாப்பு போய்விடும். செயற்கை உலோக வால்வு உள்ளவர்களுக்கு வார்ஃபரின்தான், கர்ப்பிணிகளுக்கு ஹெப்பாரின் ஊசிதான்.

குழாய் விட்டுக் கட்டியைக் கரைப்பது எல்லோருக்கும் இல்லை, ரத்தக்கசிவு அபாயம் உண்டு. எடை தூக்கியோ நீந்தியோ முதல் விலா எலும்புக்கும் காறை எலும்புக்கும் நடுவே சிரை நசுங்கிய இளவயதினர், 14 நாளுக்குள் வந்தால் யோசிக்கலாம், பிறகு அந்த விலா எலும்பை எடுக்கவும் வேண்டியிருக்கும். சென்ட்ரல் லைனால் வந்த கட்டி என்றால் லைனை உடனே பிடுங்க வேண்டியதில்லை, வேலை செய்கிறது, தேவையும் இருக்கிறது என்றால் மருந்தோடு அப்படியே விடலாம்.