காய் பொறுக்கும் அறையில் ஓர் உலகப் படம்: ஐந்து வருட அனுபவம்

2020 தொடக்கத்தில் கம்பத்தில் ஒரு புத்தகக் கடையில் இந்த உலகப் படத்தை வாங்கினேன். லேமினேட் செய்தது, மேலும் கீழும் கட்டை வைத்தது, இரண்டு கையையும் விரித்தால் அடங்கும் அகலம். கேரளத்து இடுக்கி மலையில், வண்டன்மேட்டுப் பக்கம், காயை உலர்த்திப் பிரிக்கும் ஓர் ஏலக்காய் ஸ்டோரில் கணக்கு எழுதுகிறேன். காய் பொறுக்கும் அறையில் ஆணியடித்து மாட்டினேன். ஐந்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு, குறிப்பாகப் பத்துப் பேர் கூடும் இடத்தில் செய்தியை விளக்கிச் சொல்லும் வேலை தலையில் விழுந்தவர்களுக்கு, இது உதவும் என்று எழுதுகிறேன்.

எங்கள் அறையில் உட்காருகிற பெண்கள் எல்லாம் கம்பம், புதுப்பட்டிப் பக்கத்தவர்கள். விடிய ஜீப் ஏறி, மாநில எல்லையிலுள்ள கம்பம்மெட்டு செக்போஸ்ட் தாண்டி வருகிறார்கள். காலை முதல் சாயங்காலம் வரை முறத்தில் பார்வை. வெடித்த காய், கறுத்த காய், நல்ல காய் என்று கை பிரித்துக்கொண்டே இருக்கும். காது சும்மா இருக்கும். அந்தக் காதுக்குக் கொடைக்கானல் எஃப்எம். பாட்டுக்கு நடுவில் செய்தி வரும், முடிந்ததும் அடுத்த பாட்டு வந்துவிடும். வாசித்தது என்ன என்று கேட்க அங்கே ஆள் கிடையாது. என்னைக் கேட்டார்கள்.

படம் மாட்டிய முதல் வாரமே அதன் பலன் தெரிந்தது. அதற்கு முந்தைய ஆகஸ்டில், 2019இல், புற்றடியில் நடக்கும் ஏல விற்பனையில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டிருந்தது. 2018 வெள்ளமும் அதன் பின்னால் வந்த வறட்சியும் செடியை அழித்ததால் வந்த விலை அது. அந்தப் பேச்சு ஓய்ந்திருக்கவில்லை. வயதில் மூத்த ஓர் அம்மா கேட்டார்: "தம்பி, குவாத்தமாலா காய எறக்குனா நம்ம வெல விழுந்துரும்ங்கிறாகளே, யாரு அந்தாளு? பெரிய மொதலாளியா?"

நாற்பது வருடமாகக் காய் பொறுக்குகிறவர். அந்தப் பெயரை ஓர் ஆளாகவே நினைத்து வந்திருக்கிறார். நான் எழுந்துபோய்ப் படத்தின் இடது ஓரத்தில், இரண்டு அமெரிக்காவுக்கும் நடுவில் இடுப்பு மாதிரி ஒடுங்கும் இடத்தில் விரல் வைத்தேன். "ஆளு இல்லம்மா, நாடு. அதுவும் மலைநாடு. இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்துல ஜெர்மன் தோட்டக்காரங்க அங்க ஏலச்செடி போட்டாங்க. இன்னைக்கு உலகத்துலயே அதிகமா காய் ஏற்றுமதி பண்றது அவங்கதான். ஆனா அவங்க சமையல்ல ஏலக்காயப் பெருசா சேக்கிறதில்ல, விக்கிறதுக்குத்தான் போடுறாங்க. நமக்கு உச்சி வேளைன்னா அங்க நடுச்சாமம்." அவர் முறத்தைக் கீழே வைத்துவிட்டு வந்து அந்த இடத்தைக் கிட்ட நின்று பார்த்தார். அப்புறம் தன் நெற்றியிலிருந்த ஒட்டுப் பொட்டை எடுத்து அங்கே ஒட்டினார். அதிலிருந்து ஒரு வழக்கமே வந்துவிட்டது. செய்தியில் ஓர் ஊர் அடிபட்டு, அது எங்கே என்று பார்த்தால், யாராவது ஒருவர் பொட்டு வைத்துவிடுவார்.

இப்போது படத்தைப் பற்றி.

நல்ல விஷயம் முதலில்: தூரமும் வழியும் கண்ணுக்குத் தெரிகிறது. 2021 மார்ச்சில் எவர் கிவன் என்ற கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்கே மாட்டி ஆறு நாள் வழியை அடைத்தது. "ஒரு கப்பலுக்கா இம்புட்டுப் பேச்சு?" என்றார்கள். சாக்குத் தைக்கும் சணல் நூலை எடுத்தேன். கொச்சியிலிருந்து செங்கடல் வழியாக ஐரோப்பாவுக்கு ஒரு நூல், ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு இன்னொரு நூல். இரண்டையும் பக்கத்தில் பிடித்தபோது நான் பேச வேண்டியதே வரவில்லை. 2023 நவம்பரிலிருந்து ஏமன் நாட்டு ஹூதிப் படையினர் செங்கடலில் கப்பல்களைத் தாக்கியபோதும் அதே நூல்தான். செங்கடலுக்கு மேல் வாசல் சூயஸ், கீழ் வாசல் பாப் எல் மந்தெப். அந்தப் பெயருக்கு அரபியில் கண்ணீர் வாசல் என்று பொருள். நம் காயை வாங்கும் நாடுகளில் ஒன்று சவூதி. கொச்சியிலிருந்து ஜித்தா போகிற சரக்கு அந்தக் கீழ் வாசலில்தான் நுழைய வேண்டும். ஏமன் சண்டைக்கும் தன் கையிலிருக்கும் முறத்துக்கும் உள்ள தொடர்பை இப்படித்தான் அவர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

உக்ரைன் போருக்குச் சூரியகாந்தி எண்ணெய் பாக்கெட் போதுமானதாக இருந்தது. அந்த எண்ணெயில் பெரும்பங்கு நமக்கு உக்ரைனிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் வந்துகொண்டிருந்தது, அது கருங்கடல் வழியாகக் கப்பலேற வேண்டும். அவ்வளவு சொன்னால் சரி.

குறைகளும் உண்டு. பெரிய குறை, அளவு. உருண்டையைத் தட்டையாக விரித்ததால் வடக்கே போகப் போக எல்லாம் ஊதித் தெரிகிறது. என் படத்தில் கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவுக்கு இருக்கிறது. உண்மையில் ஆப்பிரிக்கா அதைப் போல் பதினான்கு மடங்கு. இந்தியாவே கிரீன்லாந்தை விட ஒன்றரை மடங்கு பெரியது. இதைச் சொல்லாமல் விட்டால், பெரிதாகத் தெரிகிற நாடே பெரிய நாடு என்று மனசில் பதிந்துவிடும். ஒரு வருடம் அப்படி விட்டுவிட்டேன், தவறு. பிறகு ஒரு சின்ன உருண்டை வாங்கி வைத்து, இரண்டையும் சேர்த்தே காட்டுகிறேன். அடுத்தது, எழுத்தெல்லாம் ஆங்கிலம். தமிழில் அச்சான படம் கிடைத்தது, ஆனால் நோட்டு அளவுதான், பின்வரிசைக்குத் தெரியாது. முக்கியமான எண்பது பெயர்களைத் தமிழில் எழுதி ஒட்டினேன். அதோடு இது பழைய அச்சு: 2018லேயே எஸ்வாட்டினி ஆகிவிட்ட நாடு இதில் சுவாசிலாந்து. வாங்குமுன் அந்த ஒரு பெயரைத் தேடிப் பாருங்கள், படத்தின் வயது தெரிந்துவிடும்.

ஆனால் இந்தப் படம் முழுக்கக் கைவிட்டது பக்கத்துச் செய்தியில். முல்லைப் பெரியாறு: அணை இருப்பது கேரளத்தில், தண்ணீர் வருவது தமிழ்நாட்டுக்கு.

மழைக்காலம் வந்தால் எங்கள் அறையில் வேறு எந்தச் செய்தியும் எடுபடாது. பெண்கள் கேட்பது, "தண்ணி இந்த வருசம் பத்துமா?" சரக்கு ஏற்ற வரும் மலையாளி டிரைவர் கேட்பது, "டாம் பொட்டுமோ?", அதாவது அணை உடையுமா. ஒரே அணை, ஒரே நாள் செய்தி. அவர் மலையாள டிவியில் பார்த்ததும் இவர்கள் தமிழ் டிவியில் பார்த்ததும் வேறு. 2011 டிசம்பரில் எல்லையில் தகராறு முற்றி ஜீப் நின்றுபோனது எங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. வேலையும் கூலியும் இல்லாமல் கிடந்த நாட்கள். அதனால் இந்தச் செய்தியில் ஒரு வார்த்தை பிசகாமல் சொல்ல வேண்டும் என்பதில் எனக்குக் கவனம் அதிகம்.

சுவரை விட்டுத் தரைக்கு வந்தேன், சாக்பீஸோடு. முதலில் அவிழ்க்க வேண்டியிருந்தது அடிக் கணக்கு. "முல்லைப் பெரியாறு 136 அடி, இடுக்கி 2,390 அடி" என்று செய்தியில் அடுத்தடுத்து வாசிப்பார்கள். கேட்கிறவர்களுக்கு இடுக்கியில் தண்ணீர் இரண்டாயிரத்துச் சொச்சம் அடி ஆழம் நிற்கிறது என்ற பயம். இடுக்கிக் கணக்கு கடல் மட்டத்திலிருந்து, நிறைந்தால் 2,403. அந்த அணையின் உயரமே 555 அடிதான். முல்லைப் பெரியாற்றின் கணக்கோ அணையிருக்கும் இடத்திலிருந்து. இரண்டு வீட்டை வரைந்தேன். ஒன்றில் உயரத்தைத் திண்ணையிலிருந்து அளப்பது, மற்றதில் மலையடிவாரத்திலிருந்து அளப்பது. டிரைவரும் குனிந்து பார்த்தார். "அது சரியாணு" என்றார்.

அடுத்தது 142. 1979க்குப் பிறகு 136 அடிக்குக் குறைத்த நீர்மட்டத்தை, அணையைப் பலப்படுத்திய பின் 142 வரை தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2014 மே மாதம் சொன்னது. ஆனால் எல்லா மாதமும் 142 வரை விட முடியாது. எந்தத் தேதியில் எவ்வளவு நிற்கலாம் என்பதற்கு ரூல் கர்வ் என்று ஓர் அட்டவணை உண்டு. மழை இன்னும் வர இருக்கும்போது குடத்தை விளிம்பு வரை நிரப்பி வைப்போமா என்று கேட்டேன், பெண்களே மீதியைச் சொல்லிவிட்டார்கள். ஷட்டர் திறப்பது அணை தாங்காததால் அல்ல, இடம் வைப்பதற்காக என்பது டிரைவருக்கும் புரிந்தது. அவர் பயம் போய்விடவில்லை. நூற்று முப்பது வருட அணைக்குக் கீழே வீடு இருந்தால் எனக்கும் போகாது. அதையும் அந்தப் பெண்களிடம் சொன்னேன், ராமநாதபுரம் வரை வயலுக்கும் குடிக்கவும் போகும் தண்ணீர் இது என்று அவரிடமும் சொன்னேன்.

அந்தக் கோட்டுப் படத்தை ஒவ்வொரு ஜூனிலும் புதிதாக வரைகிறேன். ஈரச் சாக்கை இழுத்தால் அழிந்துவிடும்.

உலகப் படம் இப்போது மூலையில் உறை பிரிந்து, ஸ்டோர் சூட்டில் மஞ்சள் பாய்ந்துவிட்டது. போன மாதம் புதிதாக ஒன்று வாங்கினேன், எஸ்வாட்டினி இருக்கிறது. மாட்டப் போனபோது பொட்டுகளை என்ன செய்வது என்று கேட்டார்கள். இரண்டு மதியச் சாப்பாட்டு நேரம் எடுத்து, நகத்தால் கிள்ளி ஒவ்வொன்றாகப் புதுப் படத்துக்கு மாற்றினார்கள், ஒவ்வொரு ஊரும் எதற்காக வந்தது என்று சொல்லிக்கொண்டே. பசை போனவற்றுக்குப் புதுப் பொட்டு வைத்தார்கள். குவாத்தமாலாவை அந்த மூத்த அம்மா வேறு யாரையும் தொடவிடவில்லை.