முதியவர்களுக்கான ஆயத்த வீடு: மாடுலரா, பேனலா, கன்டெய்னரா?

தொழிற்சாலையில் முழுதாகவோ பகுதியாகவோ செய்து மனையில் பொருத்தும் ஆயத்த வீடுகளின் விளம்பரங்கள் முகப்பையும் வரவேற்பறையையும்தான் காட்டுகின்றன. எழுபது, எண்பது வயதில் அங்கே வாழப்போகிறவருக்கு முக்கியமானவை வேறு இரண்டு: வாசலில் தரை எவ்வளவு உயரத்தில் நிற்கிறது, குளியலறை எப்படி அமைந்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, ஆண்டுதோறும் சுமார் 6,84,000 பேர் கீழே விழுந்து உயிரிழக்கிறார்கள். அவர்களில் 60 வயதைக் கடந்தவர்களே அதிகம். அதனால் எந்த வகை வீட்டையும் இந்த இரண்டை வைத்தே முதலில் எடைபோட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. விலையையும் அழகையும் அதற்குப் பிறகு பார்க்கலாம்.

முழுத் தொகுதி மாடுலர் வீட்டிலிருந்து தொடங்குவோம். அறைகள் சுவர், தரை, கூரை, மின்கம்பி, குழாய் எல்லாவற்றோடும் தொழிற்சாலையிலேயே உருவாகின்றன. லாரியில் வந்து, கிரேன் மூலம் அடித்தளத்தின்மீது இறங்குகின்றன. தொழிற்சாலையில் வீடு உருவாகும்போதே மனையில் அடித்தள வேலையும் நடப்பதால் காத்திருக்கும் காலம் கணிசமாகக் குறைகிறது. பெற்றோரைத் தன் வீட்டின் பின்புறத்தில் குடியமர்த்த நினைக்கும் மகனுக்கோ மகளுக்கோ இது பெரிய நிம்மதி. மாதக்கணக்கில் தூசியும் இரைச்சலும் முதியவர்களைச் சூழ்ந்திருக்காது.

ஆனால் ஒவ்வொரு தொகுதியும் தனக்கென ஒரு தரைச் சட்டகத்தோடு வருகிறது. அதை அடித்தளச் சுவரின்மேல் வைத்தால் வீட்டுத் தரை நிலத்திலிருந்து எளிதில் 60 செ.மீ. உயர்ந்துவிடும். சக்கர நாற்காலிக்கான சாய்தளத்துக்குப் பரவலாக ஏற்கப்பட்ட சரிவு 1:12. அதாவது 60 செ.மீ. ஏற 7.2 மீட்டர் நீளம் வேண்டும். திரும்பி நிற்க மேல்முனையிலும் கீழ்முனையிலும் தலா ஒன்றரை மீட்டர் சமதளம் சேர்த்தால் பத்து மீட்டரைத் தாண்டுகிறது. பல மனைகளில் அந்த இடமே இருக்காது. இடம் இருந்தாலும் மழையில் நனையும் நீளமான சரிவில் தினமும் இறங்க எத்தனை முதியவர்கள் துணிவார்கள்? படிப்படியாக அவர்கள் வெளியே வருவதையே நிறுத்திவிடுவார்கள். நிலத்தைத் தோண்டி அடித்தளத்தைத் தாழ்த்தி, தொகுதியை இறக்கிவைக்க முடியும். வடிகாலும், தரைக்கு அடியில் காற்றோட்டமும் சரியாக அமைந்தால் அது நல்ல தீர்வு. ஆனால் இதை ஆர்டர் கொடுக்கும்போதே பேசியாக வேண்டும்.

இரண்டு தொகுதிகள் இணையும் இடத்தையும் நேரில் போய்ப் பாருங்கள். அங்கே தரையில் சிறு மேடு தங்கிவிடுவதுண்டு. காலைத் தேய்த்து நடப்பவரைத் தடுக்கிவிழ வைக்க ஒரு சென்டிமீட்டர் போதும்.

பேனல் வீடு இதற்கு நேர்மாறானது. சுவர்ப் பலகைகள் மட்டும் ஆலையிலிருந்து வருகின்றன. தரையைக் கான்கிரீட் தளமாக மனையிலேயே போடலாம். அதனால் வாசலைப் பாதையோடு ஏறக்குறைய ஒரே மட்டத்தில் அமைக்க முடிகிறது. குளியலறைப் பகுதியில் தளத்தைச் சற்றுத் தாழ்த்தி வார்த்தால் விளிம்பில்லாத ஷவர் இயல்பாகக் கிடைத்துவிடும். கிரேன் நுழைய முடியாத குறுகிய தெருவுக்கும் ஏற்றது. குறை என்று பார்த்தால் மனையில் வேலை நீளும். பலகைகளின் இணைப்புகள் காற்றும் நீரும் புகாமல் அடைபடுவது அங்கே வேலை செய்பவர்களின் கைத்திறனைச் சார்ந்தது. மேற்பார்வைக்கு ஒருவர் இருந்தால் மட்டும் இதில் இறங்குங்கள்.

கப்பலில் சரக்கு ஏற்றும் எஃகுப் பெட்டியை மாற்றியமைத்த கன்டெய்னர் வீட்டை முதியவர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். அதன் உள் அகலம் சுமார் 2.35 மீட்டர். இருபுறமும் வெப்பத்தடுப்புப் பொருளும் உட்சுவரும் வைத்தபின் 2.2 மீட்டர் மிஞ்சினால் அதிகம். 90 செ.மீ. கட்டிலைச் சுவரோரம் போட்டால் மீதி 1.3 மீட்டர். சக்கர நாற்காலி முழுவட்டமாகத் திரும்ப 1.5 மீட்டர் வேண்டும். இரண்டு கன்டெய்னர்களை இணைத்துக்கொள்ளலாமே என்பார்கள். பக்கச் சுவரை வெட்டினால் பெட்டியின் உறுதி குறைகிறது. எஃகு உத்தரம் வைத்துச் சரிசெய்ய வேண்டியிருக்கும். அத்தனையும் செய்தபின் செலவு மிச்சம் என்ற வாதம் நிற்பதில்லை. எஃகு, மரத்தைவிட நூற்றுக்கணக்கான மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். வெப்பத்தடுப்பில் ஓரிடத்தில் குறை இருந்தாலும் உள்ளே வாட்டும், அல்லது நடுக்கும். வயதான உடல் வெப்பநிலை மாற்றத்தை மெதுவாகவே உணர்கிறது. தாகமும் தாமதமாகவே எடுக்கிறது. பழைய கப்பல் கன்டெய்னர்களின் ஒட்டுப்பலகைத் தரைக்குப் பூச்சிக்கொல்லி ஏற்றியிருப்பார்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

சக்கரங்களோடு வரும் வீடு குறுகிய காலத் தேவைக்குச் சரி. அறுவை சிகிச்சைக்குப்பின் சில மாதங்கள் பெற்றோரை அருகில் வைத்துக்கொள்ள உதவும். அடியில் சட்டகம் இருப்பதால் படிகள் தவிர்க்க முடியாதவை, அகலமும் குறைவு. இங்கே காற்றின் தரத்தைக் கேட்டறிவது அவசியம். 2005ஆம் ஆண்டு கத்ரீனா சூறாவளிக்குப் பின் அமெரிக்காவில் வீடிழந்தவர்களுக்கு வழங்கப்பட்ட டிரெய்லர் வீடுகளில் ஃபார்மால்டிஹைடு என்ற தீங்கான வாயுவின் அளவு அதிகமாக இருந்தது பின்னர் பரிசோதனையில் உறுதியானது. பிசினால் ஒட்டிய பலகைகளிலிருந்து அந்த வாயு கசிகிறது. சிறிய, இறுக்கமாக மூடிய புது வீடு எதுவானாலும் குறைந்த உமிழ்வுச் சான்றுள்ள பலகைகளைக் கேளுங்கள்.

எந்த வகையானாலும் சுவர் மூடப்படும் முன் சொல்லிவிட வேண்டியவை உண்டு. முதலாவது, கழிப்பறையிலும் ஷவரிலும் கைப்பிடி வரக்கூடிய உயரம் முழுவதும் சுவருக்குள் தடித்த ஒட்டுப்பலகை. தள்ளாடும் ஒருவர் முழு எடையையும் ஒரே நொடியில் அந்தக் கைப்பிடியில் போடுவார். வெறும் ஜிப்சம் பலகையில் முடுக்கிய திருகு பிடுங்கிக்கொண்டு வரும். கைப்பிடி இன்று தேவைப்படாமல் இருக்கலாம், ஆனால் உள்ளே பலகை இருந்தால் என்று வேண்டுமானாலும் பொருத்தலாம். குளியலறைக் கதவு வெளிப்புறம் திறக்க வேண்டும். உள்ளே ஒருவர் மயங்கிச் சரிந்தால் அவர் உடலே கதவை அடைத்துவிடும். சுவருக்குள் நகர்ந்து மறையும் கதவு இடத்தை மிச்சப்படுத்தும், ஆனால் அது நுழையும் சுவரில் கைப்பிடி பொருத்த முடியாது. கதவு திறந்திருக்கும்போது நுழையக் கிடைக்கும் அகலம் 80 செ.மீ.க்குக் குறையக் கூடாது, 90 கிடைத்தால் விடாதீர்கள். படுக்கையறையிலிருந்து குளியலறை வரை கூரையில் எடைதாங்கும் உத்தரம் ஒன்று கேட்டு வையுங்கள். பின்னாளில் நடக்க முடியாதவரைத் தூக்கி நகர்த்தும் கருவி மாட்ட அது உதவும்.

சமதளமான, வாகனம் வரக்கூடிய மனையும் அவசரமும் இருந்தால் தாழ்ந்த அடித்தளத்தோடு கூடிய மாடுலர் வீட்டை எடுங்கள். ஆறேழு மாதம் பொறுக்க முடிந்தால், மேற்பார்வைக்கு நம்பகமான ஆள் இருந்தால், என் தேர்வு பேனல் வீடே. கையெழுத்திடும் முன் அந்த நிறுவனம் ஏற்கெனவே கட்டிக்கொடுத்த ஒரு வீட்டுக்கு, குடியிருக்கப்போகிறவரையே அழைத்துச் செல்லுங்கள். அவரைக் கழிப்பறையில் உட்கார்ந்து எழுந்து பார்க்கச் சொல்லுங்கள். அவருக்குச் சிரமமாக இருக்கும் அளவுகளைக் குறித்துக்கொண்டு வந்து வரைபடத்தில் திருத்துங்கள். அந்தத் திருத்தங்கள் ஒப்பந்தத்தில் எழுத்தாக ஏறிய பிறகு முன்பணம் கொடுங்கள்.