சந்தனம் பயந்த ஆள்: 'விக்ரம்' கடைசிக் காட்சி

2022 ஜூன் 3இல் வெளிவந்த 'விக்ரம்' ஏறக்குறைய மூன்று மணி நேரப் படம். போதைக் கடத்தலின் தலைவன் ரோலக்ஸாக சூர்யா வருவது கடைசிச் சில நிமிடங்கள்தான். கோவை, பொள்ளாச்சிப் பக்கத் தியேட்டர்களில் விசில் அடங்குவதற்குள் பாதி வசனம் போய்விடும். ஓடிடியில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தால்தான் அந்த வேடத்தின் வேலை என்னவென்று பிடிபடுகிறது.

ஒரு கௌரவத் தோற்றத்தை எடைபோட எளிய வழி, அதை வெட்டிவிட்டு யோசிப்பது. ரோலக்ஸை வெட்டினாலும் ரகசிய ஏஜென்ட் விக்ரமுக்கும் (கமல்ஹாசன்) கடத்தல்காரன் சந்தனத்துக்குமான (விஜய் சேதுபதி) சண்டை முடிந்துவிடும். ஆனால் சந்தனத்தின் பயம் அந்தரத்தில் நிற்கும். யாருக்கும் அடங்காத அந்த ஆள், சரக்கு கைவிட்டுப் போனதும் ரோலக்ஸுக்கு என்ன பதில் சொல்வது என்று பதறுகிறான். பெயர் முதலில், முகம் கடைசியில். விஜய் சேதுபதி அந்தப் பயத்தை அவ்வளவு நன்றாக நடித்து வைத்ததால்தான் சூர்யா வந்ததும் யாருக்கும் அறிமுகம் தேவைப்படவில்லை.

மீதி அர்த்தம் படத்துக்கு வெளியே இருந்து வருகிறது. 'காக்க காக்க'விலும் 'சிங்கம்' படங்களிலும் காக்கிச் சட்டை போட்டவர் சூர்யா. 'சிங்கம் 2' (2013) போதை மருந்துக் கடத்தலை ஒடுக்கும் கதை. அதே முகத்தைக் கடத்தலின் உச்சியில் உட்கார வைத்தால் வசனமே இல்லாமல் ஒரு அதிர்ச்சி கிடைக்கிறது. அந்தக் கடைசிக் காட்சியில், இதே இயக்குநரின் 'கைதி'யில் (2019) வந்த அடைக்கலம், அன்பு என்ற கடத்தல்காரர்களும் வருகிறார்கள். அவர்களுடைய எதிரி டில்லி, நடித்தவர் கார்த்தி. ஆக, இனி எதிரெதிரே நிற்கப்போவது அண்ணனும் தம்பியும். சூலூர்ப் பக்கம் காசிகவுண்டன்புதூரில் பிறந்த சிவகுமாரின் பிள்ளைகள் இருவரும் என்பதை நம்ம ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. இயக்குநர் லோகேஷ் கனகராஜும் கிணத்துக்கடவுக்காரர்தான்.

எல்லோரும் தவறவிடுவது இன்னொன்று. விக்ரம் தலைக்கு ரோலக்ஸ் விலை பேசி, 'லைஃப்டைம் செட்டில்மென்ட்' என்கிறான். அந்த விக்ரமோ அங்கேயே மறைந்து நின்று கேட்டுக்கொண்டிருக்கிறான். அறிமுகமான அதே காட்சியிலேயே ரோலக்ஸின் கைக்கு மேல் ஒரு கை இருப்பது தெரிந்துவிடுகிறது. விசிலுக்காக மட்டும் எழுதிய காட்சியாக இருந்திருந்தால் சூர்யாவின் முகத்தோடு முடித்திருப்பார்கள்.

சின்ன வேடம் எல்லாமே கௌரவத் தோற்றம் ஆகிவிடாது. ஏஜென்ட் டீனாவாக வந்த வசந்தியை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டு வேலைக்காரப் பெண்ணாகப் பார்த்தவர் சட்டென்று உளவாளியாக நிமிரும்போது பார்ப்பவருக்கு முன்கதை எதுவும் வேண்டாம். கதைக்குள்ளேயே எல்லாம் இருக்கிறது. வேடத்தை எழுதிய நேர்த்தி என்று பார்த்தால் டீனாதான் ஒரு படி மேல். ரோலக்ஸுக்கு அந்தத் தற்சார்பு இல்லை. 'கைதி' பார்க்காதவருக்கு அடைக்கலம் யார், அன்பு ஏன் கொதிக்கிறான் என்பது புரியாது. காட்சியில் பாதி வீண். இது எழுத்தில் உள்ள குறைதான்.

அதனால் முதலில் 'கைதி'யைப் பாருங்க. லாக்கப்புக்குள் இருக்கும் அடைக்கலம் கடைசியில் டில்லியை அடையாளம் கண்டுகொள்ளும் இடத்தை மனசில் வையுங்க. பிறகு 'விக்ரம்' ஓடும்போது சந்தனம் ரோலக்ஸ் பெயரைச் சொல்லும் ஒவ்வொரு இடத்திலும் விஜய் சேதுபதியின் முகத்தைக் கவனியுங்க. கடைசிக் காட்சியை இரண்டு தடவை: முதலில் சூர்யாவுக்காக, அடுத்தது அவர் பேசப்பேசச் சுற்றி நிற்பவர்களின் முகத்துக்காக.