பதினோரு முறை ‘டக்’: சாட்ஸ்வர்த்தில் பெட்ரோல் போட்ட கதை

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த் பக்கம் ஒரு பெட்ரோல் கராஜ், பேர் வேண்டாம். மாதத்தின் முதல் புதன்கிழமை விலை மாறும் என்பதால் செவ்வாய் ராத்திரியே போனேன், ஊரே அங்கே வரிசையில் நின்றது. இங்கே நாமே போட்டுக்கொள்ள முடியாது, ஊழியர்தான் போடுவார். நாசிலை வைத்தார், இரண்டு லிட்டர்கூட ஏறவில்லை, டக் என்று நின்றது. மறுபடி அழுத்தினார், டக். பதினோரு முறை எண்ணினேன், பின்னால் ஹாரன் வேறு.

“கோளாறு வண்டியில்தான், பாபா” என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம். பக்கத்து பம்புக்கு மாறினேன், அங்கேயும் அதே டக். அப்புறம் அவரே நாசிலைக் கொஞ்சம் வெளியே இழுத்து, பக்கவாட்டில் திருப்பி, குழந்தைக்குப் பாலூட்டுவதுபோல மெதுவாக நிரப்பினார்.

மறுநாள் மெக்கானிக் பார்த்தால், டேங்கின் காற்றுக் குழாயில் சிலந்திக்கூடு! காற்று வெளியேற வழியில்லாமல் பெட்ரோல் எதிர்த்து மேலே வந்து, நாசில் நுனியில் உள்ள சிறு துளையை மூடும், உடனே நாசில் தானாக நின்றுவிடும். பம்பின் மேல் தப்பே இல்லை.

கராஜுக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு நான்கு. கண்ணாடியை அழகாகத் துடைத்தார்கள், டயருக்குக் காற்றும் பார்த்தார்கள். ஆனால் கார்டு மெஷின் மட்டும் மூன்று தடவை மக்கர் செய்தது, அதற்கும் என் வண்டி காரணம் இல்லையே.