ஊட்டி இ-பாஸ்: எடுக்கறது ஈஸி, மத்த வேலை தான் பாக்கி

ஊட்டி, கொடைக்கானல் போறவங்க எல்லாரும் கேக்கறது ஒண்ணு தான், இ-பாஸ், அதாவது மலைக்கு வண்டியில போக ஆன்லைன்ல எடுக்கற அனுமதி, எடுக்கணுமா, கஷ்டமா, காசு கட்டணுமா. சொந்த வண்டியிலயோ வாடகை வண்டியிலயோ போனா எடுக்கணும், கஷ்டம் ஒண்ணும் இல்ல, ஒரு பைசா கூட கட்ட வேணாம். இத முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா இதுக்கும் காசு வாங்கறவங்க இருக்காங்க. எங்க ஃப்ரெண்ட் ஒருத்தர் ரூம் போட்ட லாட்ஜ்ல "பாஸ் நாங்களே எடுத்து தர்றோம் சார்"னு சொல்லி பில்லுல 200 ரூபா சேர்த்துட்டாங்க, அவருக்கும் அது ஃப்ரீனு தெரியல, குடுத்துட்டு வந்துட்டார். யாராச்சும் இப்படி கேட்டா குடுக்காதீங்க.

இது கவர்மென்ட் தானா யோசிச்சு கொண்டு வந்தது இல்ல, கோர்ட் உத்தரவு. 2024 ஏப்ரல் 29ஆம் தேதி சென்னை ஹைகோர்ட்ல நீதிபதிகள் சதீஷ்குமார், பரத சக்கரவர்த்தி பெஞ்ச் போட்டது, மே 7ஆம் தேதியே நடைமுறைக்கு வந்துடுச்சு. சீசன்ல ஒரு நாளைக்கு 20,000 வண்டி கிட்ட நீலகிரிக்குள்ள நுழையுதுனு அப்போ கோர்ட்ல கணக்கு குடுத்தாங்க, அதுல கார் மட்டுமே 11,500. அந்த மலை ரோட்டுல 11,500 கார்! முதல்ல ஜூன் 30 வரைக்கும்னு தான் சொன்னாங்க, அப்புறம் நீட்டிச்சுட்டாங்க. ஆனா முதல் வருஷம் எண்ணிக்கைக்கு லிமிட் எதுவும் கிடையாது, கேட்டவங்களுக்கெல்லாம் பாஸ், எத்தனை வண்டி வருதுனு கணக்கெடுக்க தான் அது. 2025 மார்ச்ல தான் லிமிட் வச்சாங்க, ஏப்ரல்லேர்ந்து ஜூன் வரைக்கும் நீலகிரிக்கு வார நாள்ல 6,000 வண்டி, சனி ஞாயிறு 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000.

இப்ப சர்வீஸ் எப்படினு வருவோம். இபாஸ் டாட் டிஎன்இஜிஏ டாட் ஆர்க் தான் சைட், வேற எதுலயும் போய் டீடெய்ல்ஸ் குடுக்காதீங்க. மொபைல் நம்பர் போட்டா ஓடிபி வரும், வெளிநாட்டுக்காரங்களுக்கு ஈமெயில். அப்புறம் வண்டி நம்பர், எத்தனை பேர், என்னைக்கு போறோம், என்னைக்கு திரும்பறோம், எங்க தங்கறோம், அவ்வளவு தான், முடிச்சா க்யூஆர் கோடோட பாஸ் வந்துடும். ஒரு கவர்மென்ட் சைட்ல இவ்ளோ கம்மியா கேள்வி கேட்டு உடனே கையில குடுக்கறது பெரிய விஷயம், எங்க அம்மாவே உக்காந்து எடுத்துட்டாங்க. இந்த பார்ட்டுக்கு மட்டும் 5க்கு 4.5 தாராளமா குடுப்பேன். வண்டி நம்பர் மட்டும் ரெண்டு தடவை பாத்து அடிங்க, டிராவல்ஸ் வண்டினா கடைசி நேரத்துல வேற வண்டி அனுப்பிடுவாங்க, அதனால டிரைவர் போன் பண்ணி நம்பர் கன்ஃபர்ம் பண்ணினதுக்கு அப்புறம் எடுக்கறது நல்லது. பாஸை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுக்கோங்க, அடிவாரம் தாண்டினா சிக்னலை நம்ப முடியாது.

மார்க் குறையறது ரோட்டுல தான். பாஸ் இல்லாம வர்றவங்களுக்கு செக்போஸ்ட்லயே ஸ்லாட் இருந்தா எடுத்து குடுக்கறாங்க, மனுஷத்தன்மையா பாத்தா சரி தான், குழந்தைகளோட அவ்ளோ தூரம் வந்தவங்கள எப்படி திருப்பி அனுப்பறது. ஆனா ஒரு செக்போஸ்ட்ல நான் பாத்தத சொல்றேன், முன்னாடி நின்ன இன்னோவால அப்பா ஆர்சி புக்க பாத்து நம்பர் சொல்ல சொல்ல பையன் டைப் பண்றான், ஓடிபி வரல, மறுபடியும் அடிக்கறான், பின்னாடி ஹார்ன் சத்தம் காது கிழியுது, பாஸ் கையில வச்சுக்கிட்டு நாங்களும் அதே லைன்ல நிக்கறோம். யானை கடக்கற பாதைகள் இருக்கற அடிவாரத்துல இப்படி இன்ஜின ஆஃப் பண்ணாம வரிசையா நிக்கறதுக்கா பாஸ்? பாஸ் இருக்கறவங்களுக்கு தனி லைன் விடுங்க, இல்லாதவங்கள ஓரமா பார்க்கிங்ல நிறுத்தி எடுக்க வைங்க, இதுக்கு புதுசா கோர்ட் ஆர்டர் எதுவும் வேணாம்.

இன்னொரு விஷயம் மனசுல இருக்கு. காலைல வந்து பொட்டானிக்கல் கார்டன், போட் ஹவுஸ் பாத்துட்டு சாயங்காலமே இறங்கற வண்டியும், ரூம் போட்டு மூணு நாள் இருக்கறவங்க வண்டியும் லிமிட்ல ஒரே கணக்கு தான். 2025 ஏப்ரல் 2ஆம் தேதி இ-பாஸ எதிர்த்து நீலகிரி வியாபாரிங்க கடையடைப்பு பண்ணினாங்களே, அவங்க கோபம் எனக்கு நியாயமா தான் படுது, சீசன் ரெண்டு மூணு மாசத்துல சம்பாதிச்சு தான் மழைக்காலத்த ஓட்டணும். அதுக்காக பாஸே வேணாம்னு நான் சொல்ல மாட்டேன். தங்க புக் பண்ணினவங்களுக்கு முன்னுரிமை குடுத்தாலே அவங்க பயம் பாதி குறையும்னு தோணுது.

கோர்ட் சொல்லி நீலகிரில நடந்த இன்னொரு விஷயத்த பாருங்க. டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபா கூட வாங்கிட்டு, காலி பாட்டில திருப்பி குடுத்தா அந்த 10 ரூபாய திருப்பி தர்ற திட்டம், 2022ல அங்க தான் முதல்ல வந்தது. காட்டுக்குள்ள உடைஞ்ச பாட்டில் யானை கால்ல குத்துதுங்கற பிரச்சனைக்காக கொண்டு வந்தது, 10 ரூபா திரும்ப கிடைக்குதுனதும் ஜனங்க பாட்டில எடுத்துட்டு வந்து குடுக்கறாங்க. காருக்கும் அப்படி ஒரு வழி வேணும், கார கீழ விட்டுட்டு வர்றவங்களுக்கு அடிவாரத்துல நல்ல பார்க்கிங், அங்கேர்ந்து பத்து நிமிஷத்துக்கு ஒரு பஸ், ஊட்டிக்குள்ள சுத்த மினி பஸ், இதெல்லாம் இருந்தா யார் அந்த கொண்டை ஊசி வளைவுல க்ளட்ச மிதிச்சுக்கிட்டு ஏறப்போறாங்க. லிமிட் மட்டும் வச்சாங்க, கார விட்டா வேற வழி பெருசா இல்ல. அதனால மொத்தமா 5க்கு 3 தான் மனசு வருது.

உள்ளூர்க்காரங்களுக்கு பயம் வேணாம், நீலகிரி பதிவு எண்ணான டிஎன் 43 வண்டிக்கு பாஸ் கேக்கறதில்ல. காய்கறி, பால் மாதிரி அத்தியாவசிய சாமான் ஏத்தற வண்டிக்கும் லிமிட் கிடையாது. போறவங்க தண்ணி பாட்டில் விஷயத்தயும் ஞாபகம் வச்சுக்கோங்க, ஒரு லிட்டர் ரெண்டு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில் நீலகிரில தடை, வீட்லேர்ந்து ஸ்டீல் பாட்டில் கொண்டு போனா வழியில வாட்டர் ஏடிஎம்ல நிரப்பிக்கலாம்.

சென்னைலேர்ந்து போறவங்க முடிஞ்சா கார விடுங்க. ராத்திரி நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினா விடிகாலைல மேட்டுப்பாளையம், அங்கேர்ந்து 7.10க்கு மலை ரயில், டிக்கெட் கிடைக்கலைனா கவர்மென்ட் பஸ். ரெண்டுக்குமே பாஸ் வேணாம்.