கார் டயருக்கு காத்து அடிக்கிற பேட்டரி பம்ப் – 11 நாள் ரோட் ட்ரிப்புக்கு அப்புறம் எழுதுற ரிவ்யூ

வாங்கின அன்னிக்கே இத எழுதல. நானும் என்கூட ஸ்கூல்ல படிச்ச நண்பனும் நாட்டோட இந்த கோடில இருந்து அந்த கோடி வரைக்கும் கார்லயே போயி, வழில அங்கங்க செட்டில் ஆகிட்ட பழைய கிளாஸ்மேட்ஸ் ஆறு பேர அவங்கவங்க வீட்டுலயே போயி பாத்துட்டு வந்தோம், மொத்தம் 11 நாள், தினமும் காலைல இத கைல எடுத்திருக்கோம், அதுக்கு அப்புறம்தான் எழுதுறேன்.

வாங்க சொன்னது நண்பன்தான். பெட்ரோல் பங்க்லயே அடிச்சுக்கலாமேடான்னு கேட்டேன். "பங்க் வரைக்கும் ஓட்டிட்டு போனாலே டயர் சூடாயிடும்டா, டிரைவர் டோர் பக்கம் ஸ்டிக்கர்ல போட்டிருக்கிற நம்பர் ஆறின டயருக்கு" அப்படின்னான். அவன் சொன்னது கரெக்ட். வண்டி குறைஞ்சது மூணு மணி நேரம் நின்னதுக்கு அப்புறம் பாக்குறதுதான் சரியான ரீடிங், ஓடின சூட்டுல நாலஞ்சு பிஎஸ்ஐ (காத்தழுத்தத்த அளக்கிற அலகு) ஏத்தியே காட்டும், அத பாத்து ஐயோ ஜாஸ்தின்னு காத்த எறக்கி விட்டுட்டா ஆறினதும் கம்மியாயிடும். இன்னொன்னு, டயர் மேலயே அச்சடிச்சிருக்கிற நம்பர் அந்த டயர் தாங்குற அதிகபட்சம், நாம அடிக்க வேண்டியது அது இல்ல. நெறைய பேர் இதுல குழம்புறாங்க. முழு லோடுக்கு ஸ்டிக்கர்லயே தனியா ஒரு நம்பர் இருக்கும், எங்களுக்கு பின் சீட் வரைக்கும் லக்கேஜ், அதனால அந்த நம்பர்தான், 33.

பம்ப் தண்ணி பாட்டில் சைஸ்தான். ஹோஸ வால்வுல திருகிட்டு, எவ்ளோ வேணும்னு செட் பண்ணி பட்டன அமுக்கினா போதும், வந்ததும் தானா நின்னுடும். 26ல இருந்து 33க்கு ஒரு டயருக்கு மூணு நிமிஷம் ஆகுது. என்கிட்ட இருக்கிற, காத்தழுத்தம் அளக்கிற பழைய முள்ளு கேஜோட வச்சு பாத்தப்போ இது 1 பிஎஸ்ஐ அதிகமா காட்டுச்சு, அதனால 34 வச்சோம், பிரச்சனை இல்ல. சத்தம் மட்டும் நிஜமாவே ஜாஸ்தி. விடிகாலைல ஒரு ஃப்ரெண்ட் வீட்டு வாசல்ல ஆன் பண்ணி பக்கத்து வீட்டு லைட் எரிஞ்சதும் பதறிப்போயி ஆஃப் பண்ணிட்டு, வண்டிய மெதுவா தெருமுனைக்கு தள்ளிட்டு போயி அடிச்சோம். அடிச்சு முடிச்சதும் ஹோஸோட பித்தளை முனை கைய சுடும், ஒரு துணி வச்சுக்கோங்க.

தினமும் கிளம்புறதுக்கு முன்னாடி அவன் குத்த வச்சு உக்காந்து ரீடிங் சொல்லுவான், நான் எழுதிக்குவேன். ஸ்கூல் லேப்லயும் இதே மாதிரிதான், அவன் அளந்து சொல்ல நான் ரெக்கார்ட் நோட்டுல எழுதுவேன். மூணாவது நாள்தான் அது ரெண்டு பேருக்கும் ஞாபகம் வந்துச்சு, அதுக்கப்புறம் அவன் இந்த வேலைய என்கிட்ட குடுக்கவே இல்ல.

நாலாவது வீடு நல்ல குளிர் பிரதேசம். காலைல பாத்தா நாலு டயரும் 30. பம்ப்தான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன், ரிவ்யூல நல்லா திட்டணும்னு கூட முடிவு பண்ணிட்டேன். அந்த வீட்டுக்காரன் இப்போ ஃபிசிக்ஸ் வாத்தியார், ஸ்வெட்டரோட வெளிய வந்து பாத்துட்டு "நாலும் ஒரே மாதிரி இறங்கியிருந்தா பஞ்சர் இல்லடா, குளிர்" அப்படின்னு கார் கண்ணாடில படிஞ்சிருந்த பனி மேல விரலாலயே கணக்கு போட்டான். பருமன் மாறாம இருந்தா வாயுவோட அழுத்தம் தனிவெப்பநிலைக்கு நேர்த்தகவு, நாங்க மூணு பேரும் ஒண்ணா மனப்பாடம் பண்ணி எழுதின அதே விதி. நாங்க 30 டிகிரி வெயில்ல செட் பண்ணது 33, அதோட வெளிய இருக்கிற காத்தழுத்தம் 14.7 சேத்தா 47.7. டிகிரியோட 273 சேத்தாத்தான் தனிவெப்பநிலை, அதனால அத 303ஆல வகுத்து, அங்க 10 டிகிரி, அதனால 283ஆல பெருக்கி, மறுபடி 14.7 கழிச்சா கிட்டத்தட்ட 30. அப்படியே வந்துச்சு. இத்தன வருஷம் கழிச்சு அந்த பாடம் எனக்கு அன்னிக்குத்தான் புரிஞ்சுது, அவன கட்டிப்பிடிச்சுக்கிட்டேன்.

அவன் சொன்ன அந்த ஒரு வார்த்தைதான் எட்டாவது நாள் காப்பாத்துச்சு. மூணு டயர் சரியா இருக்கு, பின்னாடி இடது பக்கம் மட்டும் 28. டேஷ்போர்டுல வார்னிங் லைட் எதுவும் வரல, நெறைய கார்ல கால்வாசி இறங்கினாத்தான் அது எரியும், அதாவது 33ன்னா 25 கிட்ட வரணும். குனிஞ்சு பாத்தா ஆணி. அத புடுங்காதீங்க, புடுங்கினா இருக்கிற காத்தும் போயிடும். அன்னிக்கு பக்கத்துல பஞ்சர் கடை எதுவும் திறக்கல, அடுத்த ஃப்ரெண்ட் வீடு 90 கிலோமீட்டர், அவன் லீவு போட்டுட்டு காத்துட்டு இருக்கான். காத்து அடிச்சிட்டு மெதுவா ஓட்டி 30 கிலோமீட்டருக்கு ஒரு தடவ நிறுத்தி செக் பண்ணி போயி சேந்தோம், மறுநாள் அங்க உள்பக்கமா பேட்ச் போட்டாச்சு. ஆணி நடுவுல ஏறினதால தப்பிச்சோம், இதுவே பக்கவாட்டுல கிழிஞ்சிருந்தா இந்த பம்ப் ஒண்ணும் பண்ணிருக்காது, ஸ்டெப்னிதான் மாத்தணும். ஸ்டெப்னியையும் கிளம்புறதுக்கு முன்னாடி செக் பண்ணுங்க, சின்ன சைஸ் ஸ்டெப்னின்னா பெரும்பாலும் 60 பிஎஸ்ஐ வேணும், 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல போகக்கூடாது.

குறைன்னு பாத்தா பேட்டரிதான், அது கடைசி வீட்டுலதான் தெரிஞ்சுது. உண்மைய சொன்னா இந்த ட்ரிப்பே அந்த வீட்டு ஃப்ரெண்டுக்காகத்தான் போட்டோம். போன வருஷம் ஆக்சிடெண்ட்ல கால் அடிபட்டு வீட்டோட இருக்கான், ஃபோன்ல பேசினா நல்லா இருக்கேன்டான்னு மட்டும் சொல்லுவான். அவன் கார் மாசக்கணக்கா நின்ன இடத்துலயே நிக்குது, நாலு டயரும் 15க்கு கீழ. தங்கச்சி இப்பத்தான் லைசன்ஸ் வாங்கியிருக்கு, அவன பிசியோதெரபிக்கு அதுவே ஓட்டிட்டு போகணும்னு ஆசைப்பட்டுச்சு. சரின்னு உக்காந்தோம். அவ்ளோ கீழ இருந்து அடிக்க ஒரு டயருக்கு ஏழு எட்டு நிமிஷம், பம்ப் தொட முடியாத சூடு, பத்து நிமிஷத்துக்கு மேல தொடர்ந்து ஓட்டக்கூடாதுன்னு மேனுவல்லயே இருக்கு, அதனால ஒவ்வொண்ணுக்கும் நடுவுல ஆற விட்டோம், மூணாவது டயர்ல சார்ஜே தீந்துடுச்சு. திரும்ப ஏற ரெண்டரை மணி நேரம். ஆனா அந்த ரெண்டரை மணி நேரம் அவன் வாசல்ல சேர் போட்டு உக்காந்து எங்களோட பேசினான், எந்த டயர் எந்த வருஷத்துதுன்னு பாக்க சொன்னான். டயர்ல டிஓடி எழுத்துக்கு அப்புறம் கடைசி நாலு நம்பர் இருக்குல்ல, 2319ன்னா 2019ல 23வது வாரம் செஞ்சது. வெடிப்பு எதுவும் இல்ல, ஓட்டலாம். தங்கச்சி ஓட்ட, அவன் முன் சீட்ல உக்காந்து, தெருவ ஒரு ரவுண்டு போயிட்டு வந்தாங்க. அவன் கைய வெளிய நீட்டி எங்கள பாத்து ஆட்டினான்.

பம்ப அங்கயே குடுத்துட்டு வந்துட்டோம். வெயில்ல டேஷ்போர்டு மேல வைக்காத, லித்தியம் பேட்டரி, வீட்டுக்குள்ள வைன்னு தங்கச்சிகிட்ட சொல்லியிருக்கேன். எனக்கு அதே மாடல் திரும்ப வாங்கினேன், போன வாரம் வந்துச்சு. முள்ளு கேஜோட வச்சு பாத்தேன், இதுவும் 1 பிஎஸ்ஐ அதிகமாத்தான் காட்டுது.